காசியபன் கட்டிய அளகை

தோற்றுவாய்

ஈழநாட்டின் நடுவே, மாத்தளை மாவட்டத்தில், தம்புள்ளைக்கு வடகிழக்கே, அடர்ந்த காட்டினிடையே ஒரு தனிப்பாறை நிமிர்ந்து நிற்கின்றது. சூழ்ந்துள்ள சமநிலத்தினின்று அஃது ஏறத்தாழ 600 அடி உயரமுடையது. நாற்புறமும் செங்குத்தாகச் சரிந்து, சிற்சில இடங்களில் அடி உள்வாங்கி முடி புறந்தள்ளியிருக்கும் அப்பாறையை முற்காலத்தார் சிங்ககிரி என்றனர். சிங்கள வழக்கில் அது சீகிரி என மருவி, இக்காலத்திற் சிகிரியா என வழங்குகின்றது. அதன் உச்சியில் ஓர் அரசமாளிகையின் அடித்தளமும், அடிவாரத்தில் அம்மாளிகைக்குரிய சோலை வாவிகளின் அமைப்பும் 1500 ஆண்டுகள் கழிந்த பின்னும் காணக் கிடக்கின்றன. ஆசியாவில் எஞ்சியுள்ள மிகப் பழைய அரசச் சோலைகளுள் இதுவும் ஒன்றென்பர் அறிஞர். 1982-இல் யுனெஸ்கோ அவையினர் இதனை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக வைத்தெண்ணினர்.

இம்மாளிகையைக் காணச் செல்வோர் அதன் வனப்பில் ஈடுபட்டு வியந்து மீளுதல் இயல்பே. ஆயினும், அதனை எடுப்பித்தோன் யாவன், அவன் தலைநகரைத் துறந்து இத்தனிப்பாறையின்மேல் ஏறி வாழ்ந்தது எற்றுக்கு என வினவுவார்க்கு, அவ்வனப்பின் அடியில் ஒரு பெருங்கொடுமை கிடத்தல் புலனாகும். தந்தையைக் கொன்று அரசு கொண்ட ஒருவன், தான் செய்த பாவத்துக்கு அஞ்சிப் பல அறங்களையுஞ் செய்தான். அவ்வறங்கள் அவனுக்கு உதவினவா? தந்தையைக் கொன்ற பாவத்துக்குக் கழுவாய் உண்டா? உண்டெனின், அதற்கு இன்றியமையாதது யாது? இவ்வினாக்கள் வெறுஞ் சரித்திர ஆராய்ச்சியோடு ஒழிவன அல்ல. வினையும் அதன் நீக்கமும் பற்றி ஆராயும் சைவ நன்மக்கள் கருத்திற் கொள்ளத்தக்கன.

வரலாற்று மூலம்

இவ்வரசன் வரலாற்றை விரித்துரைப்பது, பாலி மொழியிலுள்ள மகாவம்சத்தின் தொடர்ச்சியாகிய சூளவம்சம் என்னும் நூல். அந்நூலின் முற்பகுதி தம்மகீர்த்தி என்னும் தேரரால் இயற்றப்பட்டதென்பர். அது காசியபன் காலத்துக்கு ஏறத்தாழ 700 ஆண்டு பிற்பட்டது. முன்னைய ஏடுகளையுஞ் செவிவழிச் செய்திகளையுங் கொண்டு எழுதப்பட்டதாகலின், அதன்கட் கூறப்படுவன எல்லாவற்றையும் கண்டார் கூற்றெனக் கொள்ளுதல் சாலாது. எழுதினோர் துறவியர், அரசரை அவர் அளக்குங் கோலும் பெரும்பாலும் சங்கத்துக்கு அவர் செய்த நன்மை தீமைகளே. இவற்றை மனத்துட் கொண்டு படிப்பினும், அந்நூல் கூறும் வரலாற்றின் எலும்புக்கூடு அகழாய்வாற் பிழையென ஒதுக்கப்படவில்லை. காசியபனுக்கு மாறான தரப்பில் நின்று எழுதியோரே அவன் செய்த அறங்களையும் மறையாது குறித்திருத்தல், அவ்வுரைக்கு ஓரளவு வலிமை தருவதாகும்.

தந்தையும் மைந்தரும்

ஐந்தாம் நூற்றாண்டில் தமிழ் மன்னர் அறுவர், ஒருவர்பின் ஒருவராய், அநுராதபுரத்திலிருந்து கால்நூற்றாண்டுக்கு மேல் ஈழத்தை ஆண்டனர். அவர் காலத்துக் கல்வெட்டுக்கள் சிலவற்றால், அவர்களும் புத்தப் பள்ளிகட்குக் கொடை வழங்கியமை அறியப்படுகின்றது. அவர்தம் ஆட்சியை அகற்றி அரசுகொண்டவன் மோரிய குலத்துத் தாதுசேனன். அவன் பெருங்குளங்கள் பலவற்றைக் கட்டினான். அவற்றுட் தலைசிறந்தது கலாவாவி. அதனின்று அநுராதபுரத்துக்கு நீர் கொணர்ந்த கால்வாய் 54 மைல் நீளமுடையது. அதன் முதற் 17 மைலில் ஒரு மைலுக்கு ஆறு அங்குலமே தாழ்வு அமைந்துள்ளதென்பர். கருவிகள் மலிந்த இக்காலத்தும் பொறிநூல் வல்லார் இதனை வியப்பர்.

தாதுசேனனுக்கு மைந்தர் இருவர். இழிகுலத்தவள் எனப்பட்ட தாய்வயிற்றிற் பிறந்தவன் காசியபன். ஒத்த குலத்து அரசியின் மகன் மொக்கல்லானன். அரசுரிமை பின்னவனுக்கே என்பது வழக்கு. அரசனுக்கு ஒரு மகளும் உளள். அவளைத் தன் மருகனும் படைத்தலைவனுமாகிய மிகாரனுக்கு மணம் புரிவித்தான். மிகாரன் குற்றமொன்றும் இல்லாத அவளைக் கசையால் தொடையில் அடித்தான். குருதி தோய்ந்த மகளின் ஆடையைக் கண்ட அரசன், சினத்தாற் கண்மறைந்து, அம்மிகாரன் தாயை உயிரோடு எரிப்பித்தான். மருமகன் செய்த குற்றத்துக்கு அவன் தாய் எரிந்தாள். அவ்வன்றே மிகாரன் அரசற்குப் பகையானான். அரசுரிமை தனக்கில்லையென உள்ளம் புழுங்கிய காசியபனைத் தூண்டினான். இருவரும் சூழ்ந்து அரசனைச் சிறையிட்டனர். மொக்கல்லானன் உயிர்க்கு அஞ்சி இந்திய நாட்டுக்கு ஓடினான்.

சிறையிடப்பட்ட தந்தை தன் செல்வத்தை இளையவனுக்கென மறைத்து வைத்துள்ளான் என்று மிகாரன் காசியபனுக்குக் கூறினான். செல்வத்தைக் காட்டுமாறு ஏவலர் வந்து வற்புறுத்தவே, தாதுசேனன், தன்னைக் கலாவாவிக்கு அழைத்துச் செல்லின் காட்டுவதாக உடன்பட்டான். வழியில் தேர்ப்பாகன் தான் தின்ற வறுத்த தானியத்தில் ஒரு பங்கை அரசனுக்கு அளித்தான். அதனை உவந்து உண்ட அரசன், அவனுக்கு நன்மை செய்யும்படி மொக்கல்லானனுக்கு ஓர் ஓலையும் எழுதிக் கொடுத்தான். வாவியை அடைந்து நீராடி, நீருண்டு, தன் பழைய நண்பராகிய தேரரையுங் கண்டு, அந்நீர்ப்பரப்பைக் காட்டித் தனக்குரிய செல்வம் முழுதும் இதுவே என்றான் அவ்வேந்தன். இதனைக் கேட்ட காசியபன் சினங்கொண்டு, தந்தையைக் கொல்லுமாறு பணித்தான். மிகாரன் அவனை ஆடை களைந்து விலங்கிட்டுச் சிறையினுள்ளே சுவரெழுப்பி மூடி மண் பூசுவித்தான்.

இக்கொடிய முடிவுக்குச் சூளவம்ச ஆசிரியர் ஒரு காரணங் கூறுகின்றார். கலாவாவிக்குக் கரை அமைக்குங்கால் ஆண்டுத் தியானத்தில் அமர்ந்திருந்த ஒரு துறவியை எழுப்ப இயலாமையின், அரசன் அவர்மேல் மண்ணைக் கொட்டுவித்தான். மண்ணுள் மூடிய வினை, மண்ணுள் மூடப்படுதலாய் இம்மையிலேயே விளைந்தது என்பது அவர் கருத்து. வினைப்பயன் செய்தவனைத் தேடிச் சென்றடையும் என்பதில் புத்தர்க்கும் சைவர்க்கும் வேற்றுமையில்லை. அதனை உயிரொடு கூட்டுவிப்பான் ஒருவன் வேண்டுமா வேண்டாவா என்பதிலேயே இரு சமயத்தாரும் வேறுபடுவர். எங்ஙனமாயினும், தந்தைக்கு அஃது ஊழாய் வந்ததென்பது கொண்டு மைந்தன் குற்றம் நீங்குதல் இல்லை. ஒருவன் வினையை ஊட்டுதற்குக் கருவியாயினான், தன் விருப்பாற் செய்த செயலுக்குத் தானே கடம்பூண்பன் என்பது துணிபு.

பாறையேறிய அரசன்

காசியபன் ஆட்சி கி. பி. 477 முதல் 495 வரை என்பது பலர் கொண்ட கணக்கு. 473 முதல் 491 வரை என்பாரும் உளர். முடிசூடிய பின்னர் அவன் தம்பியைக் கொல்ல முயன்றும் கைகூடவில்லை. அவன் படையொடு மீளுதல் ஒருதலை என்னும் அச்சம் காசியபனை விடாது பற்றியது. ஏறுதற்கரிய சிங்ககிரியை அவன் நாடியது அவ்வச்சத்தாலேயே என்று சூளவம்சம் கூறும். அவன் அப்பாறையைச் சூழக் காடு வெட்டி, மதில் எடுத்து, சிங்க வடிவாகப் படிக்கட்டு அமைத்து, உச்சியில் மாளிகை கட்டி, அளகாபுரியிற் குபேரன்போல அதன்கண் வீற்றிருந்தான்.

இதனை வெறும் புனைந்துரை எனத் தள்ளாது, காசியபன் தன்னைக் குபேரனாகவே பாவித்து, அளகையின் அமைப்பை நிலத்தின்மேல் இயற்ற முயன்றான் என்று விளக்கினார் தொல்பொருள் அறிஞர் செனரத் பரணவிதானர். வேறு கொள்கைகளும் உள. இஃது அரசமாளிகையே அன்று, துறவியர் பள்ளியே என 2002-இல் இராசா டி சில்வா ஒரு நூல் எழுதினார். பாறையடிக் குகைகளிற் காணப்படும் பிராமி எழுத்துக்கள், காசியபனுக்குப் பல நூற்றாண்டு முன்னரே அங்குத் துறவியர் வாழ்ந்தமையைக் காட்டுதல் உண்மையே. ஆயினும் மதில், அகழி, சோலை, உச்சிக் கட்டடம் ஆகியவற்றை ஒருங்கு நோக்குவார் பெரும்பாலார் அரசிருக்கை என்றே கொள்வர். இராவணன் கோட்டை இதுவே என்று இந்நாளிற் பரவியுள்ள கூற்றுக்குக் கல்வெட்டுச் சான்றோ அகழாய்வுச் சான்றோ இல்லை. இராவணன் சிவபத்தியைப் போற்றுவார்க்கு இப்பாறையின் துணை வேண்டுவதில்லை.

அடிவாரத்துச் சோலைகள்

மாளிகையின் எல்லை கிழக்கு மேற்காக ஏறத்தாழ 2 மைலும், வடக்கு தெற்காக அரை மைலுக்கு மேலும் பரந்தது. மேற்புறத்தில் இரண்டு அகழிகளும் மூன்று மதில்களும் உள. மேலை வாயிலிற் புகுவார்க்குப் பாறை நேரெதிரே தோன்ற, அதனை நோக்கி ஒரு நேர்வழி செல்கின்றது. அவ்வழியின் இருமருங்கும் ஒன்றற்கொன்று ஒத்த அமைப்பாக வாவிகள் கிடக்கின்றன. ஒருபுறத்தில் உள்ளதெல்லாம் மறுபுறத்தும் உண்டு. இவ்வாறு வழுவாத ஒப்புமை காணும் பயிற்சி, அக்காலத்துக் கட்டடச் சிற்பியர்க்கு இருந்தமை வியக்கற்பாலது.

முதற்கண் உள்ளது, நடுவே ஒரு திடலும் அதனைச் சூழ நான்கு வாவிகளும் அமைந்த சோலை. வாவிகள் நிலத்தடிக் குழாய்களால் இணைக்கப்பட்டிருத்தலின், ஒன்றிற் புகுந்த நீர் ஏனையவற்றினும் ஒரே மட்டத்தில் நிற்கும். அதற்கப்பால் ஒடுங்கிய சோலையொன்றில், ஆழ்ந்த நெடுங்குளங்களும் அவற்றினின்று செல்லும் வளைந்த சிற்றோடைகளும் உள. ஓடைப் பக்கத்தே துளையிட்ட வட்டச் சுண்ணக்கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. உயர்ந்த நிலையிலுள்ள நீரின் அழுத்தத்தால் அத்துளைகளினின்று நீர் மேலெழும். இயந்திரம் ஒன்றும் அங்கில்லை. நீரின் ஏற்றத்தாழ்வு ஒன்றே அதற்குக் காரணம். மழைமிகுந்த நாட்களில் அவ்வூற்றுக்கள் இன்றும் நீர் உமிழ்கின்றன. இருமருங்கும் அகழி சூழ்ந்த திடல்களில் வேனிற்பள்ளிகளின் அடித்தளங்கள் கிடக்கின்றன. அதற்கு மேற்பட்ட நிலையில் பாறையொன்றன் அடியில் எண்கோண வடிவாக ஒரு குளம் உள்ளது. பாறைக்குத் தெற்கே பெருங்கரை எழுப்பி அமைத்த ஏரியின் நீர் இவ்வாவிகட்கெல்லாம் நிலைக்களமாயிற்று. ஈழத்தின் வறண்ட பகுதியில், வாடைக்கால மழையை மட்டும் நம்பியிருக்கும் நிலத்தில், இத்துணை நீர்ப்பெருக்கை இன்பப் பொருட்டாகத் தேக்கிய திறம் தாதுசேனன் காலத்துக் குளங்கட்டுவார் வழிவந்தது என்பதில் ஐயமில்லை. தந்தை கலாவாவிக்குப் பயன்படுத்திய கலையையே மைந்தன் தன் நீரூற்றுக்களுக்குப் பயன்படுத்தினான்.

வாவிச் சோலையைக் கடந்தால் பாறைச்சோலை. இங்கு நேர்வழியும் ஒப்புமையும் இல்லை. மலையினின்று உருண்டு கிடக்கும் பெரும்பாறைகளின் இடையே, அவை கிடந்தவாறே கிடக்க, வளைந்து வளைந்து செல்லும் பாதைகள் அமைக்கப்பட்டன. இரண்டு பாறைகள் சாய்ந்து கூடும் இடங்கள் தோரணவாயில்களாயின. ஒவ்வொரு பாறையின் தலையிலும் ஒரு மண்டபம் இருந்ததென்பது, செங்கற்சுவரை நிறுத்துதற்காக வெட்டிய படிவரிசைகளால் அறியப்படுகின்றது. ஒரு பாறை பாதியாகச் செதுக்கப்பட்டு, அதன்கண் ஏறத்தாழ 16 அடி நீளமுள்ள அரியணை ஒரே கல்லில் அமைக்கப்பட்டுள்ளது. மற்றொன்று நீர்த்தொட்டியாகக் குடையப்பட்டது. முன்னாளில் துறவியர் தங்கிய குகைகளும் இங்கேயே உள. அதற்கப்பால், பாறையின் அடிசுற்றி அடுக்கடுக்காக எழும் படிநிலைச் சோலை உள்ளது.

சித்திரமும் சுவரும்

மேலைப் பாறைமுகத்தின் இடையில் ஒரு குடைவில், முகில்களினின்று எழுவார்போல இடைவரை தோன்றும் மகளிர் உருவங்கள் தீட்டப்பட்டுள்ளன. அவர் கையில் மலர்த்தட்டுக்களை ஏந்தியுள்ளனர். அரண்மனை மகளிர் கோயிலுக்கு மலர் கொண்டு செல்கின்றனர் என்றார் எச். சி. பி. பெல். அரமகளிர் என்றார் ஆனந்த குமாரசுவாமி. முகிலும் மின்னலும் பெண்ணுருக் கொண்டன என்றார் பரணவிதானர். முன்னாளில் அப்பாறைமுகத்தின் பெரும்பகுதியும் இவ்வோவியங்களால் நிறைந்திருந்தது என்பர். எஞ்சியுள்ளவை இருபது உருவங்கள் அளவே. 1967-இல் தீயோர் சிலர் அவற்றின்மேல் பச்சைச் சாயம் பூசிச் சிதைத்தனர். பின்னர் வல்லுநர் அதனை அரிதின் நீக்கினர். காட்டுத்தீயும் மழையும் காற்றும் 1500 ஆண்டுகளாக விட்டுவைத்ததனை மாந்தர் கை ஓரிரவில் அழிக்க முற்பட்டது.

அதன்கீழ்ப் பாதையின் ஓரமாக எடுத்த செங்கற்சுவர், மேற்பூச்சுப் பளபளப்பினாற் கண்ணாடிச்சுவர் எனப் பெயர் பெற்றது. காசியபன் இறந்த பின்னர் அங்கு வந்து சென்றோர் அச்சுவரில் தம் கருத்தைப் பழஞ்சிங்களச் செய்யுளாக எழுதி வைத்தனர். அவற்றுட் பெரும்பாலன 8-ஆம் நூற்றாண்டு முதல் 10-ஆம் நூற்றாண்டு வரை எழுதப்பட்டவை. 685 செய்யுட்களைப் பரணவிதானர் 1956-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். எழுதினோருள் துறவியரும், அரசியல் அதிகாரிகளும், படைவீரரும், மகளிரும் உளர். அவருட் பெரும்பாலோர் பாடியது ஓவிய மகளிரையே. மாளிகை எடுத்த மன்னனை நினைந்து உருகினோர் மிகச் சிலர். அவன் தன் பெருமையைக் காட்ட எழுப்பிய சுவர், அவனைப்பற்றிக் கருதாத வழிப்போக்கர்க்கு எழுதுபலகை ஆயிற்று.

உச்சி மாளிகை

வடபுறத்துப் படிநிலையில், செங்கல்லால் எடுத்த பெருஞ்சிங்கம் ஒன்று பாறையோடு ஒட்டி நின்றது. அதன் வாயினூடே படிகள் சென்றன என்பர். சிங்கத்தின் உடலும் தலையும் அழிந்தன. நகங்களொடு கூடிய இரு பாதங்கள் மட்டும் நிற்கின்றன. மண்மூடிக் கிடந்த அப்பாதங்களை 1898-இல் பெல் வெளிப்படுத்தினார். அவற்றினிடையே புகுந்தே இன்றும் காண்போர் ஏறுகின்றனர்.

உச்சிப்பரப்பு 4 ஏக்கருக்குச் சற்றுக் குறைவானது. அது முழுதும் படிப்படியாகத் திருத்தப்பட்டு, உயர்ந்த பகுதியில் மாளிகையும் தாழ்ந்த பகுதிகளிற் சோலையும் குளங்களும் அமைக்கப்பட்டன. பாறையையே குடைந்து செய்த பெருங்குளம் 90 அடி நீளமும் 68 அடி அகலமும் உடையது. கல்லிற் செதுக்கிய ஓர் இருக்கை கிழக்கு நோக்கியுள்ளது. சுவர்கள் இடுப்பளவு உயரத்துக்கு மேல் இல்லை. மரத்தூணும் கூரையும் மறைந்தொழிந்தன. அங்கு நின்று நோக்குவார்க்கு நாற்றிசையும் நெடுந்தொலை காடே காட்சியளிக்கின்றது. வருவோரை நெடுந்தொலைவிலேயே காணலாம். காசியபன் அங்கிருந்து பார்த்தது அவ்வனப்பை மட்டும் அன்று. தம்பியின் படை எத்திசையினின்று வருமோ என்பதனையுமே என்று கருதுதல் பிழையாகாது.

அவன் செய்த அறங்கள்

காசியபன் உள்ளத்தில் இரக்கமே தோன்றவில்லை என்று கூறுதல் நீதியன்று. செய்த செயலை நினைந்து அவன் வருந்தினான் எனவும், மறுமைக்கு அஞ்சினான் எனவும் சூளவம்சமே உரைக்கின்றது. நகரவாயில்களிற் சோலைகள் வைத்தான். தீவு முழுதும் ஓரோர் யோசனை எல்லையில் மாந்தோப்புக்கள் அமைத்தான். அறச்சாலைகள் நிறுவினான்; விரதங்கள் காத்தான்; துறவியர்க்குரிய கடுநோன்புகளையும் மேற்கொண்டான். பழைய பள்ளியொன்றைப் புதுக்கி, நிலங்கள் வாங்கி வழங்கி, தன் பெயரையும் தன் மகளிர் போதி, உப்பலவண்ணை என்பாரின் பெயர்களையும் அதற்கு இட்டான்.

அப்பள்ளியை மகாவிகாரைத் துறவியர்க்கு அவன் அளித்தபோது, அவர் ஏற்க மறுத்தனர். தந்தையைக் கொன்றான் கொடையை ஏற்றனர் என உலகம் பழிக்கும் என்பது அவர் அச்சம். அரசன் என்செய்வான்! ஏற்பார் இல்லாத கொடையைக் கையில் வைத்து நின்றான். பின்னர் அதனைப் புத்தர் திருவுருவுக்கு உரிமையாக்கினான். தம் ஆசிரியர்க்கு உரியது தமக்கும் உரியதென்று அதன்பின்னரே துறவியர் அதனை ஏற்றனர். பாறையின்மேற் குபேரனாக வீற்றிருந்தவன், அடிவாரத்தில் இரந்துண்பாரிடம் தன் பொருளை ஏற்றுக்கொள்ளுமாறு இரந்து நின்ற இந்நிகழ்ச்சி, அவன் வரலாற்றிலே மிக இரங்கத்தக்கது.

பதினெட்டாம் ஆண்டில் மொக்கல்லானன் சிறந்த நண்பர் பன்னிருவரோடு இந்தியாவினின்று மீண்டு படை திரட்டினான். காசியபன் பாறையினின்றும் இறங்கி எதிர்சென்றான். போர்க்களத்தே, முன்னர்ச் சேற்றுநிலம் இருத்தலைக் கண்டு அவன் யானையை ஒருபுறம் திருப்பினான். அரசன் புறங்கொடுத்தான் எனப் படைவீரர் மயங்கி ஓடினர். தனித்து நின்ற காசியபன் உடைவாளால் தன் கழுத்தை அரிந்து, அவ்வாளை மேலே உயர்த்திக் காட்டி, உறையிலிட்டு மடிந்தான். தம்பி அவனுக்கு ஈமக்கடன் செய்து, அநுராதபுரத்துக்கு அரசிருக்கையை மீட்டுச் சென்றான். சிங்ககிரியைத் துறவியர் பள்ளியாக்கி மகாநாமர் என்னும் தேரர்க்கு அளித்தான். மாளிகையின் வாழ்நாள் 18 ஆண்டிற்கு மேற்படவில்லை.

தடையும் விடையும்

தந்தையைத் துணித்தானைச் சைவர் பழித்தல் எங்ஙனம்? தந்தை எச்சதத்தன் தாளைத் துணித்த விசாரசருமரைச் சண்டேசுர நாயனார் எனச் சிவாலயந்தோறும் வைத்து வழிபடுகின்றார் அன்றோ எனின், அவ்விரண்டும் ஒன்றல்ல. மண்ணியாற்றங்கரையில் சிவபூசைக்கு வைத்த பாற்குடத்தைக் காலால் இடறியவர் தந்தையென்பதும் அச்சிறுவர் கருத்தில் நிற்கவில்லை. பூசைக்கு வந்த இடையூறொன்றே நின்றது. அச்செயலால் அவர் தமக்கென ஒன்றும் வேண்டினாரல்லர். தந்தையை இழந்தவராய் நின்றார். இழந்தவர்க்கு இறைவன் தானே தந்தையாயினான். காசியபனோ, தந்தையை நீக்கித் தந்தையின் முடியைத் தன் தலைமேல் வைத்துக்கொண்டான். ஒருவரிடம் யான் எனது என்பன அற்றன; மற்றவனிடம் அவையே செயலுக்கு முதலாய் நின்றன. செயலின் புறவடிவு ஒத்தல் பற்றி வினை ஒத்ததெனல் பொருந்தாது.

அற்றேல், தன்னலம் பற்றித் தந்தையைக் கொன்றானுக்கு உய்தியே இல்லையோ எனின், உண்டு. திருவிளையாடற் புராணத்து மாபாதகந் தீர்த்த படலம் அதனை விளக்கும். அவந்தி நாட்டந்தணன் மகனொருவன், சொல்லவும் கூசும் பாவஞ் செய்து, தந்தையையும் கொன்று, பழி தொடர அலைந்து மதுரையை அடைந்தான். எவரும் விலக்கிய அவனைச் சோமசுந்தரக் கடவுள் வேடுருவில் வந்து விலக்காது வினவி, உய்யும் நெறி கூறியருளினார். இரந்து ஒருபொழுது உண்டல், பசுவுக்குப் புல்லளித்தல், திருக்கோயிலைச் சுற்றிப் புரண்டு வலம்வருதல் என்பன அவனுக்கு விதித்தவை. அவன் அவற்றைச் செய்து உய்ந்தான். ஆகவே, எப்பாவமும் இறைவன் அருளுக்கு மேற்பட்டதன்று என்பது சைவத் துணிபு.

இனி, காசியபன் அறஞ்செய்தும் உய்தி பெறாமையும், அவந்தியான் உய்தி பெற்றமையும் எதனால் என ஆராய்தல் வேண்டும். காசியபன் செய்தவை அவந்தியான் செய்தவற்றினும் அளவாற் பெரியன. ஆயின் நல்வினை தன் பயனையும் தீவினை தன் பயனையும் தனித்தனியே தரும். பொன்கொண்டு கடனடைப்பதுபோல ஒன்றால் மற்றொன்று தீர்வதில்லை என்பது சித்தாந்தக் கொள்கை. கழுவாய் என்பது நல்வினையின் மிகுதி அன்று. தீவினைக்குக் காரணமான தன்முனைப்பு அடங்கி, இறைவன் வழி நிற்றலாகும். அவந்தியானிடம் விடுதற்கு ஒன்றும் இல்லை. உடலையும் மண்ணிற் கிடத்திப் புரண்டான். காசியபன் மாந்தோப்பை விட்டான், பொருளை விட்டான், உணவையும் நோன்பால் விட்டான். எப்பொருட்டுத் தந்தையைக் கொன்றானோ, அவ்வரசை மட்டும் விட்டானல்லன். அவ்வரசுக்கு உரிய தம்பி, கடலுக்கு அப்பால் உயிரோடிருந்தான். அவனை அழைத்து முடியை அளித்தல் ஒன்றே செய்த பிழைக்கு நேரான கழுவாய். அதனைச் செய்தற்குப் பதினெட்டு ஆண்டுகள் அவனுக்கு இருந்தன. அவ்வாண்டுகளில் அவன் செய்ததோ, அத்தம்பியைத் தடுத்தற்கு மதிலை உயர்த்தியதே. பாவத்தின் பயனைக் கையில் இறுகப் பற்றிக்கொண்டு, பாவம் நீங்கவேண்டும் என விழைந்தமையே அவன் செய்த பிழை. இது முடியுடை மன்னர்க்கு மட்டும் உரிய பிழை அன்று. பிறர் பொருளை வவ்வி, அதில் ஒரு பகுதியைக் கோயிலுக்கு அளித்து மனம் ஆறுவார் எந்நாட்டிலும் எக்காலத்தும் உளர். அவர்க்கெல்லாம் சிங்ககிரி ஓர் எச்சரிக்கை.

முடிபு

குபேரன் சிவபெருமானை நோக்கித் தவங்கிடந்து, நிதியையும், அளகாபுரியையும், இறைவன் தோழமையையும் பெற்றான் என்பது புராண மரபு. அவ்வளகை கயிலையின் சார்பில் உள்ளது. அதற்கு மேலே கயிலை நாயகன் வீற்றிருக்கின்றான். காசியபன் அளகையின் மாடங்களையும் வாவிகளையும் சோலைகளையும் நிலத்தின்மேல் ஒருவாறு இயற்றினான். மேலே இருத்தற்குரிய ஒன்றை மட்டும் அவன் அமைக்கவில்லை. அவ்விடத்தில் தானே ஏறி அமர்ந்தான்.

அவன் எடுப்பித்த சோலையின் அழகைக் குறைத்துக் கூறுதல் வேண்டா. கல்லையும் நீரையும் மரத்தையும் இயைத்த அக்கலைஞர் பெயர் அறியப்படாவிடினும், அவர் கைத்திறன் போற்றத்தக்கது. நாட்டாரும் பிறநாட்டாரும் சென்று காணத்தக்கது. ஆயின் காணச் செல்வோர், அவ்வழியே கலாவாவியையும் கண்டு மீளுதல் நன்று. இடைக்காலத்துப் பழுதுற்றுப் பின்னர்த் திருத்தப்பெற்ற அவ்வாவியின் நீர் இன்றும் வயல்களுக்குப் பாய்கின்றது. தன் செல்வம் இதுவே என்று தாதுசேனன் காட்டிய நீரை உழவர் இன்றும் நுகர்கின்றனர். அதனை நம்பாது தந்தையைக் கொன்று மைந்தன் தேடிய செல்வமோ, மழைநாளிற் சிறிதுபொழுது எழும் நீரூற்றாகவும், மேலே ஒன்றும் இல்லாத இரண்டு சிங்கப்பாதங்களாகவும் எஞ்சி நிற்கின்றது.

திருச்சிற்றம்பலம்.